ஏழாவது படத்தில் ஒரு மைனஸ்

எனக்கு இன்னும் கிடைக்காத ஒரு பட்டத்தை என் பெயருக்கு முன்னால் போட்டு, அறுநூறு கல்யாணப் பத்திரிகை அடித்து, கிள்ளானிலிருந்து ரவாங் வரைக்கும் வீடு வீடாகப் போய்க் குங்குமத்தோடு கொடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து மாட்டிக்கொள்வேன்.

கல்யாணம் மகளுக்கு. மாப்பிள்ளை வீட்டார் பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். சம்பந்தி அரசாங்கத்தில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையில் போட வேண்டிய பெயர்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர், இரண்டு டாக்டர், சம்பந்தியையும் சேர்த்து மூன்று 'இர்.' (இன்ஜினியர்கள் இங்கே பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வது.) பெயருக்குப் பின்னாலும் சிலருக்கு எழுத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கம் ரயில்வேயில் தண்டவாளம் போட்ட தாத்தாவின் வம்சம். திரு, திருமதி, அவ்வளவுதான்.

மேருவில் பத்திரிகை அடிக்கும் பையன் கம்ப்யூட்டரில் இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டினான்.

"அங்கிள், உங்க சைடு கொஞ்சம் காலியா இருக்கு லா. பேலன்ஸ் ஆகல. ஒரு பூ டிசைன் போட்டுடவா?"

பூ போட்டிருக்கலாம். அறுநூறு பேரும் பூவைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். நான், "டாக்டர்னு போடு தம்பி" என்றேன்.

"கிளினிக் வச்சிருக்கீங்களா அங்கிள்?"

"இல்ல. பிசிக்ஸ்."

"ஓ" என்றான். அந்த 'ஓ'வில் மரியாதை இருந்ததாக எனக்குப் பட்டது.

அன்றைக்கு, டாக்டர் பட்டத்துக்காக ஒன்பது வருடம் உழைத்த என் ஆய்வேட்டை ஒப்படைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வைவா, அதாவது பரீட்சகர்கள் எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வு, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால். வைவா ஒரு சம்பிரதாயம் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்குள் எப்படியும் கையில் வந்துவிடப் போகிற ஒரு வார்த்தையை விட்டுக்கொடுப்பதா என்று நினைத்தேன். மகள் மட்டும், "அப்பா, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். "முடிஞ்ச மாதிரிதான்" என்றேன். இயற்பியலில் 'மாதிரி' என்ற சொல்லுக்கு நிறைய இடமுண்டு. வீட்டில் அவ்வளவு கிடையாது.

இனி அந்த ஆய்வேட்டில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம். இதை ஷா ஆலம் தனியார் கல்லூரியில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் சாப்பிடுகிறேன்.

ஒரு எலெக்ட்ரான் படு வேகமாக வந்து புரோட்டானை அடிக்கிறது. பெரும்பாலும் புரோட்டான் சிதறிப்போகும். சில சமயம் அடியை வாங்கிக்கொண்டு முழுசாகவே நகர்ந்து போகும். அப்படி முழுசாக மிஞ்சுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் எண்ணுக்கு வடிவக் காரணி என்று பெயர். புரோட்டானுக்குள்ளே மூன்று குவார்க்குகள் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடி விழுவது ஒன்றின் மேல். மற்ற இரண்டும் அதோடு சேர்ந்து திரும்பினால்தான் குடும்பம் பிரியாமல் இருக்கும். திரும்பச் சொல்லித் தகவல் கொண்டு போகிறவை குளுவான்கள். குறைந்தது இரண்டு குளுவானாவது வேண்டும். எந்தக் குவார்க் அடி வாங்கியது, எது எதற்குத் தகவல் சொன்னது என்று ஒவ்வொரு வழியையும் கோடு போட்டு வரைந்து பார்த்தால், கணக்குப் போட வேண்டியவை பதினான்கு படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு எண். பதினான்கையும் கூட்டினால் விடை. அடி பலமாக இருக்கும்போது குளுவான்களின் பிடி தளர்ந்துவிடுவதால் இப்படிப் படம் படமாகக் கணக்கிட முடிகிறது. இந்த முறைக்குச் சிற்றுலைவுக் குவாண்டம் குரோமோடைனமிக்ஸ் என்று பெயர். என் மனைவி யார் கேட்டாலும், "என்னமோ அணு" என்பாள். ஒன்பது வருடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கூட்டுவதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். புரோட்டானின் மொத்த ஓட்டத்தை மூன்று குவார்க்குகளும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன? யாருக்கும் பாரபட்சம் இல்லாத சமபங்கு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. எழுதினால் ஒரே வரி, பார்க்கவும் அழகு. ஒருவனே மூன்றில் இரண்டு பங்கை அமுக்கிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அளந்த எண் வர வேண்டுமென்றால் அந்த அமுக்கல் ஏற்பாட்டைத்தான் போட வேண்டும் என்று பெரியவர்கள் எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ரயில்வே குவாட்டர்ஸில் ஐந்து பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்து, ஒரு முட்டை ஐந்தாகப் பிரிவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சமபங்கை வைத்தே சரியான விடையைக் கொண்டுவருகிறேன் பார் என்று கிளம்பினேன். இதை ஆய்வின் நோக்கம் என்று வேறு வார்த்தைகளில் எழுதிக் கொடுத்தேன். என் பேராசிரியர் வேறு ஏதோ ஃபைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "போலே, போலே, ரைட் அப்" என்றார். செய்யலாம், எழுது என்று அர்த்தம். ஒன்பது வருடத்தில் அவர் எனக்குச் சொன்னதில் பாதி இந்த வாக்கியம்தான்.

காலையில் கல்லூரிக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம், கிள்ளான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணக்கைப் போட்டேன். பதினான்கு படங்கள். ஒன்றரை வருடம். கூட்டினேன்.

பூஜ்யம் வந்தது.

ஏறக்குறைய பூஜ்யம் இல்லை. சுத்தமான பூஜ்யம். ஒரு படத்தின் பிளஸ்ஸை இன்னொரு படத்தின் மைனஸ் அடித்து, கடைசியில் தாளில் ஒன்றுமில்லை. நான் என்ன செய்தேன்? தப்பு எங்கே என்று தேட ஆரம்பித்தேன். பூஜ்யம் என்றால் அடிபட்ட புரோட்டான் ஒன்றுகூட மிஞ்சாது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் மிஞ்சுகிறது. ஆகவே தப்பு என் கணக்கில். எவ்வளவு அடக்கமான முடிவு! என் வாழ்க்கையில் நான் அடக்கமாக இருந்த ஒரே சந்தர்ப்பத்தில்தான் என் கணக்கு சரியாக இருந்தது.

நாலு மாதம் தேடி, ஏழாவது படத்தில் ஒரு மைனஸைக் கண்டுபிடித்தேன். இரண்டு குவார்க்குகள் இடம் மாறும்போது வரும் குறி. அது பிளஸ்ஸாக இருந்தால்தான் பொருத்தம் என்று எனக்குப் பட்டது. மாற்றினேன். மறுபடி கூட்டினேன். விடை அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பேனாவை மூடினேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் தப்பைத் தேடவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கணக்கு என்றால் இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. கடைசியில் விடையை மட்டும் ஒப்பிட வேண்டும். நான் ஆய்வுக்குப் பதிந்திருந்த பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த ஒரு பெண்ணைக் கேட்டேன். என்னைவிடப் பதினாறு வயது இளையவள். என்னைவிட எத்தனையோ மடங்கு கெட்டிக்காரி. ரவாங்கிலிருந்து ரயிலில் வருகிறவள். எட்டு மாதச் சனிக்கிழமைகளை எனக்காகச் செலவழித்தாள். அவளுக்கு அதில் ஒரு லாபமும் கிடையாது. "அண்ணே கேட்டுட்டீங்க, போட்டுக் குடுக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் காரணம்.

ரவாங் ரயிலும் கிள்ளான் ரயிலும் சந்திக்கும் இடம் என்பதால் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் விடையை ஒப்பிட்டோம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம். ஆளுக்கொரு தாளில் எழுதி, கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்பினோம். என் தாளில் அழகான எண். அவள் தாளில் ஒரு முட்டை.

"ஸீரோ வருது அண்ணே."

"ஸீரோன்னா என்ன அர்த்தம் தெரியுமாம்மா? அடிச்சா புரோட்டான் மிஞ்சாது."

"சமமா பங்கு போட்டா இந்தக் கணக்குல மிஞ்சாது. அவ்ளோதான் லா. புரோட்டான் என்ன பண்ணும் பாவம்? அது சமமா பங்கு போடலியே."

"எங்கயோ விட்டுட்டே. இன்னொரு வாட்டி பாரேன்."

பரிமாறுகிறவர் வந்து, "பாஸ், பேப்பரை எடுங்க, இலை போடணும்" என்றார். இரண்டு விடைகளையும் மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள், "உங்க தாளைப் பார்க்கலாமா?"

காட்டினேன். ஒப்பிட்ட பிறகு காட்டலாம், அதில் தப்பில்லை. இடது கையால் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஏழாவது படத்தில் நின்றாள்.

"இங்க மொதல்ல மைனஸ் போட்டிருக்கீங்க. அப்புறம் அடிச்சிட்டு பிளஸ். ஏன்?"

"மைனஸ் தப்பு."

"எப்படித் தெரிஞ்சுது?"

"விடை சரியா வரலியே."

அவள் என்னைப் பார்த்தாள். கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. அன்றைக்கு நான் இரண்டாவது தடவை அப்பளம் கேட்டேன்.

மூன்று முறை அவளைத் திரும்பப் போட வைத்தேன். மூன்று முறையும் முட்டை. அதோடு பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றின் நகலையும் கொண்டுவந்து காட்டினாள். சமபங்கு வைத்தால் புரோட்டானுக்குப் பூஜ்யம்தான் என்று அதன் நடுப்பக்கத்தில் ஒரே வரியில் இருந்தது. யாருக்கும் அது பெரிய செய்தியாகப் படாததால் ஒரே வரி. அதே கட்டுரை என் அலமாரியிலும் இருந்தது. ஒன்பது வருடம் முன்னால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு, மஞ்சள் மையில் கோடு போட்டு, படித்தாயிற்று என்று அடுக்கி வைத்திருந்தேன். நான் அவளிடம் சொன்ன பதில் இது: "பழைய ஆளுங்க தப்புப் பண்ண மாட்டாங்களா?"

இதில் எனக்கே விளங்காத ஒன்று இருக்கிறது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியும். ஏழாவது படத்தில் கை வைத்தபோதே தெரியும் என்றுகூடச் சொல்லலாம். தெரிந்துகொண்டே தெரியாமல் இருப்பதற்குத் தனிப் படிப்பு வேண்டும். எனக்கு அந்தப் படிப்பு ஒன்பது வருடம் கிடைத்தது.

ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தில், இந்தக் கணக்கைத் தனியாகச் சரிபார்த்ததற்கு அவளுக்கு நன்றி என்று எழுதினேன். ஒப்படைத்தேன். பத்திரிகை அடித்தேன். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து ஊர் ஊராகக் கொடுக்க ஆரம்பித்தோம். ரவாங்கில் அவள் வீட்டுக்கும் மனைவியோடு போய்க் கொடுத்தேன். பத்திரிகையைப் பிரித்தாள். 'டாக்டர்' என்ற இடத்தில் அவள் கண் நின்றது. மனைவியைப் பார்த்து, "கண்டிப்பா வரேன் அக்கா" என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. ஆய்வேட்டின் கோப்பு துறையில் சுற்றிக்கொண்டிருந்ததாம். பார்த்திருக்கிறாள்.

"அண்ணே, நன்றியில என் பேரை எடுத்துடுங்க."

"ஏம்மா? நீ செக் பண்ணியே."

"செக் பண்ணேன். உண்மை. சரின்னு எப்போ சொன்னேன்?"

கார் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஷா ஆலம் வெயில். கையில் இன்னும் கொடுக்காத முப்பது பத்திரிகைகள்.

"ஒப்படைச்சாச்சும்மா. இப்போ எடுத்தா ஏன்னு கேப்பாங்க. வைவா வரைக்கும் விடேன். கல்யாணம் வேற இருக்கு."

"யாருக்கு, புரோட்டானுக்கா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, நானும் இந்தத் துறையிலதான் வேலை தேடணும். அந்தக் கணக்கு தப்புன்னு தெரிஞ்சா, செக் பண்ணவ யாருன்னுதான் மொதல்ல பார்ப்பாங்க" என்றாள். "பார்க்கறேம்மா" என்றேன். பார்க்கவில்லை.

வைவாவில் வெளிப் பரீட்சகர் ஒல்லியான மனிதர், கம்பளிச் சட்டை போட்டிருந்தார். முதல் ஒரு மணி நேரம் அன்பாகவே இருந்தார். பிறகு நன்றியுரைப் பக்கத்தைத் திறந்தார். முப்பது வருட வாத்தியார் வேலையில் நன்றியுரையிலிருந்து கேள்வி கேட்ட பரீட்சகரை நான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை.

"தனியாகச் சரிபார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு என்ன விடை வந்தது?"

என் பேராசிரியர் தன் ஃபைலை விட்டுத் தலையை நிமிர்த்தினார். பொய் சொல்ல இரண்டு விநாடி இருந்தது. சொல்லியிருப்பேன், வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் மேசையில் அந்தப் பழைய கட்டுரையின் நகல் இருப்பதைப் பார்த்துவிட்டேன். நடுப்பக்கம் திறந்திருந்தது. என் நேர்மைக்கு அதுதான் காரணம்.

"பூஜ்யம்" என்றேன்.

"உங்களுக்கு?"

"பூஜ்யம் இல்லை."

"அப்படியானால் எதைச் சரிபார்த்தார்?"

"எனக்கும் முதலில் பூஜ்யம்தான் வந்தது" என்றேன், ஏதோ அது எனக்குச் சாதகமான சாட்சி மாதிரி. அவர் முதல் தடவையாகப் பேனாவை எடுத்து, பொடி எழுத்தில் நிறைய நேரம் எழுதினார்.

தோல்வி என்று சொல்லமாட்டார்கள். மூன்று அத்தியாயங்களை மாற்றி எழுதி ஒரு வருடத்துக்குள் மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். சரிபார்த்ததாக எழுதிய வரியை அன்றைக்கே நீக்கச் சொன்னார்கள். வெளியே வந்து என் பேராசிரியர் தோளைத் தட்டி, "போலே, போலே" என்றார். பாக்கியைச் சொல்லவில்லை.

அவளுக்குப் போன் செய்தேன். பெயரை எடுத்தாயிற்று என்றேன். உன் விடைதான் சரி என்றேன். மன்னிச்சிடும்மா என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரவால்ல சார்" என்றாள்.

ஐந்து வருடமாக அண்ணே என்று கூப்பிட்டவள். கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. வேலை இருந்ததாம்.

பத்து நாள் மிச்சம். ஏறக்குறைய அறுநூறு வீட்டில் நான் டாக்டர். மண்டபத்துக்கு அனுப்பிய வரவேற்புப் பலகையிலும் டாக்டர். கையில் இருந்த பாக்கிப் பத்திரிகைகளில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கலாமா என்று மனைவியைக் கேட்டேன்.

"ஒட்டினா எல்லாரும் பிச்சுப் பார்ப்பாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டப்போ என்னைக் கேட்டீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு கல்யாணம் முடியும் வரைக்கும் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை.

கல்யாணம் நடந்தது. மகள் அழகாக இருந்தாள், எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அவள் முகம் சரியாக ஞாபகம் இல்லை. வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்கும்போது, வருகிறவர்களில் யார் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லப் போகிறார்கள் என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்துபோய்த்தான் மரியாதைக்காகச் சொல்லாமல் போகிறார்கள் என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் இரண்டு பேர் என்னைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். அந்த இரண்டு பேரும் டாக்டர்கள். தாலி கட்டும்போது கெட்டிமேளம் கேட்டு எல்லோரும் அட்சதை போட்டார்கள். நான் கொஞ்சம் பிந்திப் போட்டேன்.

மூன்றாம் நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் சம்பந்தி வீட்டில் விருந்து. சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் உள்ளே நகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் சம்பந்தியும் முன்னறையில். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட பட்டமளிப்புப் படங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு தொப்பி. இனி எவ்வளவு வருடம் இந்த மனிதர் முகத்தில் விழிக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். யாராவது சொல்லி அவர் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். பத்திரிகையில என் பேருக்கு முன்னால டாக்டர்னு இருந்துச்சே, அது இன்னும் கிடைக்கல. வைவாவுல திருப்பி எழுதச் சொல்லிட்டாங்க. அவசரப்பட்டுட்டேன். உங்க பக்கம் எல்லாருக்கும் இருந்துச்சா, அதான்... தப்புதான்."

ஒன்பது வருடத்தில் நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். எழுந்து போய் டிவிக்குப் பக்கத்திலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துவந்து, எங்கள் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அட, ஆமா. போட்டிருக்கீங்க" என்றார். "நான் கவனிக்கவே இல்ல சம்பந்தி. எங்க பக்கம் பேரெல்லாம் சரியா இருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன்."